கல்லுக்கு அந்தப் பக்கம் பதினோரு வீடு

எனக்குப் பொறாமை வந்த நேரத்தை என்னால் துல்லியமாகச் சொல்ல முடியும். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழே முக்கால். கரையாம்புத்தூர் போகும் வழியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓர் ஏரிக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரைச் சரிவில் ஏழெட்டுப் பெண்கள் குந்தி உட்கார்ந்து புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே, சுடிதார்மேல் ஒரு பழைய ஆண்சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் அரிவாளோடு எங்கள் துறையின் ஆய்வு மாணவி. என்னவோ சொன்னாள். அத்தனை பேரும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி அவள் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

என் பையில் அதே ஊரில் நிரப்பிய கேள்வித்தாள்கள் ஒரு கட்டு இருந்தன. ஒன்றில்கூடச் சிரிப்பு இல்லை. சிரிப்புக்கு நான் கட்டம் போடவில்லை என்பது வேறு விஷயம்.

நான் முப்பத்தாறு வருஷம் புதுச்சேரியில் கொம்யூன் பஞ்சாயத்து வேலையில் இருந்தவன். கொம்யூன் என்றால் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பெயர், பல கிராமங்கள் சேர்ந்த உள்ளாட்சி. வில்லியனூர், பாகூர் என்று மாற்றல் வாங்கி, எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். இடையில் மாலை வகுப்பில் சட்டம் படித்தேன்; அதற்கு முன்பே பொருளாதாரத்தில் எம்.ஏ. ஓய்வு பெற்ற ஆறாவது மாதம், வீட்டு மளிகைப் பட்டியலை மூன்று பிரதிகளில் எழுதச் சொன்னேன் என்று மனைவி குற்றம் சாட்டிய அன்று, பல்கலைக்கழகத்தில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தேன். தலைப்பின் முன்பாதி ‘நிலைத்த வளர்ச்சியும் சமூக விலக்கமும்’. பின்பாதி இரண்டு வரி வரும்.

விலக்கம் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பயனாளிகள் பட்டியல் தயாரித்தே தலை நரைத்தவன் நான். பட்டியல் தயாரிப்பதில் யாரைச் சேர்ப்பது என்பது சின்ன வேலை. யாரை விடுவது, விட்டதற்கு எந்த ஆணையை மேற்கோள் காட்டுவது என்பதுதான் வேலை. இதை நேர்முகத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். உடனே சேர்த்துக்கொண்டார்கள்.

என் நெறியாளர் என் மகனைவிட இரண்டு வயது இளையவர். அவருக்கு ஏற்கெனவே ஒரு மாணவி இருந்தாள், இந்தப் பெண்தான். திருக்கனூர்ப் பக்கம் காலனியிலிருந்து வந்தவள். முப்பது வயது, ஒரு குழந்தை. அம்மா நடவு, களை என்று ஊர் ஊராகப் போனவர். அந்த வயல்களில் ஒன்று எங்கள் குடும்பத்துடையதாகவும் இருந்திருக்கலாம். நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

நெறியாளர் எங்கள் இருவரையும் ஒரே ஊருக்கு அனுப்பினார். அந்த ஊர் ஏரியைச் சில வருஷங்களுக்கு முன் தூர்வாரி, கரையை உயர்த்தி, நடைபாதை போட்டு, சுற்றிலும் கம்பிவேலி அடித்து, பெயர்ப்பலகை வைத்தார்கள். அதற்கு முன் காலனிப் பெண்கள் அங்கேதான் மாட்டுக்குப் புல் அறுத்தார்கள், கீரை பறித்தார்கள், நத்தை பொறுக்கினார்கள். வேலிக்குப் பிறகு, அட்டை வைத்திருப்பவர்கள் மட்டும் காலையில் இரண்டு மணி நேரம் உள்ளே போய்ப் புல் அறுக்கலாம் என்று ஏற்பாடு.

“நீங்க ஆபீஸ் பக்கத்துல இருந்து பாருங்க சார். அவங்க மக்கள் பக்கத்துல இருந்து பாக்கட்டும்” என்றார் நெறியாளர்.

அன்றே எழுந்து போயிருக்க வேண்டும். எனக்கு ஆபீஸ், அவளுக்கு மக்கள் என்று பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டார். நான் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கால அவகாசம் நிறைய இருந்தது. பகுதிநேரம் என்றால் எட்டு வருஷம். அதற்குள் உயிர் போனால் மட்டும் பதிவு ரத்தாகும். அவளுக்கு அப்படி இல்லை. பிரசவத்துக்கு ஒருமுறை, அம்மாவின் உடம்புக்கு ஒருமுறை என்று இரண்டு நீட்டிப்பும் வாங்கி முடித்திருந்தாள். மூன்றாவது கிடையாது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டை ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்து. ஐந்து வருஷ உழைப்பு பழைய பேப்பர். இது துறையில் எல்லோருக்கும் தெரியும். விதி எண்ணோடு தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

என் கள ஆய்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலனியில் முதல் வீட்டு வாசலில் ஒரு பைக் நின்றது. கேள்வி ஒன்பது: இருசக்கர வாகனம் உண்டா?

“இல்ல சார்” என்றார் வீட்டுக்கார அம்மாள்.

“இது யாருடைய வண்டி?”

“எந்த வண்டி சார்?”

“இதோ நிற்கிறதேம்மா.”

“அதுவா? பக்கத்து வூட்டுது சார். நெழலுக்கு வுட்டுகீறாங்க.”

பக்கத்து வீட்டுக்குப் போனேன். “எங்களுதா? எவ சொன்னா? அவ வாசல்ல நிக்கிற வண்டி எங்களுதாமா? அது அவ கொழுந்தனுது சார். அவரு கடலூர்ல கீறாரு.”

கைவைத்துப் பார்த்தேன். என்ஜின் சுட்டது. கடலூரிலிருந்து தானாக வந்திருக்க வேண்டும்.

தெரு முழுக்க இப்படியே. கண்ணால் எண்ணியவரை முப்பத்து நான்கு வண்டிகள். கேள்வித்தாள்படி ஒன்றுமில்லை. ஒரு வீட்டில் புடவை போர்த்திய ஒன்றைக் காட்டி, “பிரிட்ஜா?” என்றேன். “பீரோ சார்” என்றார்கள். பீரோ உறுமிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது பின்னால் ஒரு குரல் கிசுகிசுத்தது எனக்கு நன்றாகவே கேட்டது.

“கொம்யூன் சாருடி. செவப்பு கார்ட மஞ்சளா மாத்த வந்துகீறாரு. டிவிய நிறுத்தித் தொல.”

எங்கள் பக்கத்தில் சிவப்பு ரேஷன் அட்டை ஏழைகளுக்கு, மஞ்சள் மற்றவர்களுக்கு. அட்டையின் நிறம் மாறினால் அரிசியிலிருந்து ஆஸ்பத்திரி வரை எல்லாம் மாறும். அந்தச் சரிபார்ப்புக்கு நானே அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறேன், பல வருஷம், இதே நடையில், இதே பையோடு. “இது பல்கலைக்கழக ஆராய்ச்சிம்மா” என்று சொன்னால், “ஆமாங்க சார், தெரியுங்க சார்” என்று கைகட்டிக்கொண்டு அதே பதிலைச் சொன்னார்கள். நான் பதவியில் இருந்தபோது கேட்ட கேள்விகளுக்கு அவர்கள் பாடம் பண்ணிவைத்திருந்த பதில்கள் அவை. பிசகாமல் ஒப்பித்தார்கள். என் அட்டவணைப்படி அந்த ஊரில் வண்டியும் இல்லை, குறையும் இல்லை. எல்லாத் திட்டமும் எல்லோருக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

அவளிடம் வண்டியை மட்டுமல்ல, வண்டிக்குச் சொந்தக்காரன் எங்கே குடித்துவிட்டு விழுந்தான் என்பதையும் சொன்னார்கள்.

“உங்களுக்கு நாற்காலி போடறாங்க சார். அதான் பிரச்சினை” என்றாள் ஒருநாள், துறை வாசல் டீக்கடையில்.

“நாற்காலி போடுவது மரியாதை.”

“ஆமா சார். எனக்குப் போட்டதே இல்ல.” சிரித்தாள்.

அடுத்த தடவை நான் நாற்காலி வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்தேன். அந்த வீட்டில் இருந்த ஐந்து பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். “சாரு கோவமா கீறாரு, இன்னா பண்ணித் தொலைச்ச?” என்று கணவன் மனைவியைத் திட்டினான். என் மூட்டு வலியோடு எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நாற்காலியிலேயே உட்கார்ந்தேன்.

பொங்கல் கழிந்த வாரம் நெறியாளர் அவள் ஆய்வேட்டின் வரைவை என்னிடம் கொடுத்தார். “உங்க தமிழ் சுத்தமா இருக்கும் சார். பிழை மட்டும் பாத்துக் குடுங்க.” வில்லியனூர் வீட்டில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மின்விசிறிக்குக் கீழே, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். முதல் பத்துப் பக்கத்தில் ஒற்றுப் பிழைகள் நிறைய இருந்தன. மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு பேனா நின்றுவிட்டது.

நன்றாக இருந்தது. எவ்வளவு நன்றாக என்றால், காபி வந்து ஆறியது தெரியவில்லை. ஏரிக்கரைத் தெருவில் சினைப்பசு வைத்திருக்கும் ஒரு பெண் அதில் வருகிறாள். “வேலி போட்டப்புறம்தான் அதுக்குப் பேரு வச்சாங்க. அதுக்கு முன்ன அது எங்களுக்கு ஏரி, அவ்ளோதான்” என்கிறாள். இப்படி ஒரு வாக்கியத்தை என்னிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ‘குறை ஏதுமில்லை’ என்ற கட்டத்தில் குறித்திருப்பேன்.

அதே பக்கத்தின் அடியில் இன்னொன்று. வேலி போடும்போது போய் முறையிட்ட பெண்களிடம், கொம்யூன் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு சார், “எழுத்து மூலமா குடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாராம். “எங்க வாய அங்கேயே வச்சிட்டுப் போயிட்டாரு” என்கிறாள் அந்தப் பெண்.

அந்தச் சார் நான்தான். அவளுக்கு அது தெரியாது. எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். வெட்கம் அப்போது வரவில்லை. என் வாயிலிருந்து வந்த வாக்கியம்கூட அவள் ஆய்வேட்டில் உயிரோடு இருக்கிறதே, என்னுடையதில் நானே இல்லையே என்றுதான் வயிறு எரிந்தது.

பின்னிணைப்பில் அவள் பேசிய வீடுகளின் பட்டியல் இருந்தது. பட்டியலைக் கண்டால் என் கை தானாக மேலிருந்து கீழே போகும். போனது. கடைசிப் பதினோரு வீடுகளில் நின்றது.

எங்கள் புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை என்பது தெரிந்ததுதான். நடந்துகொண்டே இருக்கும்போது தமிழ்நாடு வந்துவிடும். நான்கு வயல் தாண்டினால் மறுபடி புதுச்சேரி வந்துவிடும். அந்த ஊரில் ஏரிக்கரைத் தெருவின் கடைசியில், சிறுபாலத்துக்குப் பக்கத்தில், முள்ளுக்குள் ஓர் எல்லைக்கல் இருக்கிறது. அதைத் தாண்டிய பதினோரு வீடுகளும் தமிழ்நாடு. அதே தெரு, அதே கோயில், பெண் கொடுத்து எடுக்கும் அதே உறவுகள், வேறு மாநிலம். அவள் ஆய்வின் தலைப்பிலோ ‘புதுச்சேரி ஊரகக் கொம்யூன் குடும்பங்கள்’ என்று இருந்தது. அந்தச் சினைப்பசுக்காரி, ஆய்வேட்டின் உயிராக இருந்தவள், கல்லுக்கு அந்தப் பக்கம்.

மறுநாளே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். சந்தேகத்துக்காக அல்ல, சந்தோஷத்துக்காக. கல் இருந்தது. மின்மீட்டர் பெட்டிகள் வேறாக இருந்தன. நின்ற இரண்டு பைக்குகளிலும் தமிழ்நாட்டு எண். ஓய்வு பெற்ற பிறகு நான் இவ்வளவு உற்சாகமாக எங்கும் போனதில்லை.

இரண்டு வழி இருந்தது. அப்போதே அவளிடம் சொல்லியிருந்தால், பிப்ரவரிக் கருத்தரங்குக்கு முன் சரிசெய்துகொள்வாள். ஒப்படைப்புக்கு முன் நடக்கும் அந்தக் கருத்தரங்கில் எழுப்பினால், குறிப்பேட்டில் ஏறும். குறிப்பேட்டில் ஏறியதைத் திருத்திக் காட்டி, ஆய்வுக்குழு மறுபடி கூடி ஒப்புக்கொண்ட பிறகுதான் ஒப்படைக்க முடியும். குழு அடுத்துக் கூடுவது ஏப்ரலில். மார்ச் முப்பத்தொன்று அதற்கு முன்பே வந்துவிடும்.

வரைவை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

“ரொம்ப தேங்க்ஸ் சார். வேற தப்பு ஏதாவது இருந்துச்சா?”

“மொழியில் வேறு பிழை இல்லை” என்றேன்.

பொய் இல்லை. இப்படிப் பதில் எழுதித்தான் முப்பத்தாறு வருஷம் ஓட்டினேன்.

கருத்தரங்கில் அவள் நன்றாகப் பேசினாள். பேசி முடித்ததும் கைதட்டல் எழுந்தது. அது அடங்கும்வரை பொறுத்திருந்து எழுந்தேன். மூன்று பகுதிகளாக, எழுதிவைத்த கேள்வி. எல்லைக்கல்லைச் சொன்னேன், வீட்டு எண்களை வரிசையாகப் படித்தேன், தலைப்பையும் ஒருமுறை வாசித்துக் காட்டினேன். என் குரல் அவ்வளவு தெளிவாக இருந்ததை நானே ரசித்தேன்.

வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப இந்தப் பதினோரு குடும்பமும் புதுச்சேரியே இல்லையா?”

“அந்தக் கல்லு இருக்கறது தெரியும் சார்” என்றாள் அவள். “ஆனா நான் புல்லு அறுக்கறவங்களத்தான் எண்ணுனேன். எந்த ஸ்டேட்டுன்னு கேக்கணும்னு தோணல.”

கேட்டவர்களுக்கு அது நல்ல பதிலாகப்பட்டது. ஆனால் நல்ல பதிலைக் குறிப்பேட்டில் எழுத இடமில்லை. ‘பதினோரு குடும்பங்களை நீக்கி, அதே எண்ணிக்கையில் புதுச்சேரிக் குடும்பங்களைச் சேர்த்து, அட்டவணைகளைத் திருத்தி மீண்டும் குழுவின் பார்வைக்கு வைக்கவும்’ என்று எழுதினார்கள். நெறியாளர் என்னைப் பார்க்கவில்லை.

நடைவழியில் அவள் என்னிடம் வந்தாள். “இது உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது சார்?”

“வரைவைப் படிக்கும்போதே.”

அவள் கோபப்படவில்லை. ஒரு காகிதத்தில் இருப்பது தன் கையெழுத்துதானா என்று பார்ப்பதுபோல என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அன்று எனக்கு நல்ல பசி. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அடுத்த வாரம் முழுவதும் என் ஆய்வேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் எழுதவில்லை.

ஒன்பதாவது நாள் அவள் என் வீட்டுக்கு வந்தாள். மனைவிக்கு எதுவும் தெரியாது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, “வெயில்ல வந்துகீறியேம்மா” என்று மோர் கொடுத்தாள். அவள் மோரைக் குடித்து முடித்துவிட்டுப் பேசினாள்.

“அந்தப் பதினோரு வூட்ட எடுக்க மாட்டேன் சார்.”

“அப்படியானால் பதிவு போய்விடும்.”

“தெரியும். ஆனா வேலியால ரொம்ப அடிபட்டது அவங்கதான். புல்லு அறுக்க அட்டை புதுச்சேரி ரேஷன் கார்டுக்குத்தான் குடுத்தாங்க. அவங்க அந்தப் பக்கத்து ஆபீஸ்ல போய்க் கேட்டா, ஏரி எங்களுது இல்லன்னுட்டாங்க. அந்த மாட்டுக்கார அக்கா அடுத்த வூட்டு அட்டைய எடுத்துட்டுத் தலைய முக்காடு போட்டுட்டு உள்ள போவுது. அவங்கள எடுத்துட்டா என் தீசிஸ்ல இன்னா இருக்கு? வேலி போட்டவங்க பண்ணத நானும் பண்ணணுமா?”

நான் அவள் வைத்த டம்ளரை மேசை ஓரத்துக்கு நகர்த்தினேன்.

“இதுக்கு ஒரு வழி இருக்கும் சார். இல்லாம இருக்காது. உங்களுக்குத் தெரியும்.”

வழி இருந்தது. கருத்தரங்கில் நின்று பேசிக்கொண்டிருந்தபோதே எனக்குத் தெரியும். “எனக்குத் தெரியவில்லையேம்மா” என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அவள் எழுந்து போயிருப்பாள். மார்ச் போயிருக்கும். அந்த ஊரின் மக்கள் பக்கம் காலியாகி, ஆபீஸ் பக்கம் மட்டும் மிச்சமிருந்திருக்கும்.

சொல்லப் பார்த்தேன். வாய் வரவில்லை. நல்ல மனசு குறுக்கே வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நடைமுறை எனக்குத் தெரியாது என்று ஓர் ஆள் நம்பிக்கொண்டு என் வீட்டு வாசற்படியிறங்கிப் போவதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அவ்வளவுதான். என் பொறாமையைவிட என் கர்வம் பெரியதாக இருந்தது. அவள் அதிர்ஷ்டம்.

விதிப் புத்தகத்தை எடுத்துவந்தேன். சேர்ந்த முதல் வாரமே அட்டை முதல் அட்டைவரை படித்த ஒரே மாணவன் நான். “மாற்ற வேண்டியது வீடுகளை இல்லை. தலைப்பை” என்றேன். “குடும்பங்கள் எங்கே குடியிருக்கின்றன என்பதை எடுத்துவிட்டு, எந்த ஏரியை நம்பியிருக்கின்றன என்று போடு. ஏரி முழுவதும் புதுச்சேரிக்குள்தான் இருக்கிறது. ஆய்வின் பொருள் மாறாத சிறு திருத்தத்துக்குக் குழு கூட வேண்டியதில்லை. சுற்றுக்கு விட்டு ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினால் போதும். தலைப்பு மாறினால் அன்றைய குறிப்பும் அதோடு தீர்ந்தது என்று அதே தாளில் எழுதி வாங்கிவிடலாம்.”

அவள் குறித்துக்கொண்டே வந்தாள். கடிதத்தை நானே எழுதினேன். பொருள், பார்வை, வேண்டுகோள். ஒரு சொல் கூடக்குறைய இல்லை. வேலையில் இருந்த காலத்தில்கூட அப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை.

“சூப்பரா இருக்கு சார்” என்றாள் படித்துவிட்டு. பாழாய்ப்போன மனசு, அதற்கும் குளிர்ந்தது.

பிறகு அவள் கேட்டாள். “அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்?”

டம்ளரை எடுக்க வந்த மனைவி நின்றாள். “இவரா? இவரு யாருக்கு எத அன்னிக்கே சொல்லிகீறாரு?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

“பொறாமைம்மா” என்றேன். வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

“என் மேலயா?” நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். “எனக்குத்தான் சார் உங்க மேல. நீங்க ஆபீஸ்ல நுழைஞ்சா எழுந்து நிக்கறாங்க. நான் போனா ‘யாரப் பாக்கணும், அங்க நில்லு’ன்றாங்க. அந்த ஏரி மேப் ஒண்ணு வாங்க நாலு மாசம் நடந்தேன். கைக்கொழந்தையோட.”

அந்த வரைபடத்தை நான் ஒரு முற்பகலில் வாங்கியிருந்தேன், டீயும் கொடுத்தார்கள். அது இரண்டு வருஷமாக என் மேசை இழுப்பறையில் இருந்தது. அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுத்து மூலமாகக் கேட்கச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

கையெழுத்து வாங்க நானும் கூடப் போனேன். கோப்பைக் கையில் எடுத்துச் செல்ல அனுமதி வாங்குவது, எந்தப் பிரிவில் யாரிடம் எந்த நேரத்தில் வைப்பது, எந்த மேசையில் தூங்கவிடக் கூடாது என்பதெல்லாம் எனக்குக் கைவந்தது. வெளி நிபுணர் மட்டும் ஊரில் இல்லை; வந்த அன்று அவர் வீட்டு வாசலிலேயே நின்று வாங்கினோம். மார்ச் இருபத்தெட்டாம் தேதி, அலுவலகம் மூடுவதற்கு அரை மணி முன்னால், ஐந்து பிரதிகளையும் கவுண்டரில் வைத்தாள். ஒப்புகைச் சீட்டில் முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று நான்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு வெளியே வந்தபோது என் வயிற்றில் மறுபடி அதே எரிச்சல். என்னுடைய உதவியால் அது குறையும் என்று எதிர்பார்த்திருந்தேன் போல. குறையவில்லை. இப்போது அவள் வெற்றியில் எனக்கும் பங்கு இருந்தது, பெயர் அவளுடையது.

வாய்மொழித் தேர்வு அந்த வருஷக் கடைசியில் நடந்தது. யாரும் வந்து உட்காரலாம் என்பது விதி. விதியை அதுவரை யாரும் அப்படியே எடுத்துக்கொண்டதில்லை. அன்று புல் அறுக்கும் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் பஸ் பிடித்து வந்து, நல்ல புடவையில், பின்வரிசைகளை நிரப்பினார்கள். கேள்வி கேட்டாலும் கைதட்டினார்கள், பதில் சொன்னாலும் கைதட்டினார்கள். “இன்னாடி இப்டி மெரட்றான் அந்தாளு?” என்று ஒருத்தி தேர்வாளரைப் பற்றிக் கேட்டது அவர் காதிலும் விழுந்தது. அவர் சிரித்துவிட்டார். பட்டம் பரிந்துரைக்கப்பட்டது.

வெளியே மரத்தடியில் ஒரு பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். சினைப்பசுக்காரி அவள்தான் என்பது குரலிலேயே தெரிந்தது, ஆய்வேட்டில் படித்த அதே குரல்.

“கொம்யூன் சாருதானே? நீங்களும் இதான் படிக்கிறீங்களாமே?”

“ஆமாம்மா.”

“உங்களுது எப்ப முடியும்?”

“இன்னும் நாள் இருக்கிறது.”

“எங்க தெருவுல எல்லா வூட்டுக்கும் வந்தீங்களாம். எங்க வூட்டுக்கு மட்டும் வரவே இல்லியே?”

“உங்கள் வீடு தமிழ்நாட்டில் இருக்கிறதும்மா.”

“அதனால இன்னா சார்?”

பதில் இருந்தது. என் கேள்வித்தாளின் முதல் கட்டமே மாநிலம். புதுச்சேரி இல்லை என்றால் நேர்காணல் அங்கேயே முடிந்தது. இதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். படம் எடுக்கப் போகிறார்களாம். எல்லோரும் எங்கள் துறைப் பெண்ணைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். அதே பழைய பழக்கம், ஒருத்தி அவள் முதுகில் அடித்தாள். எடுக்க ஆள் இல்லை.

“சார், நீங்க ஒரு போட்டோ எடுங்களேன்” என்று அவள் தன் போனை என் கையில் கொடுத்தாள்.

நான்கு எடுத்தேன். ஒன்றில் ஒருத்தி கண்ணை மூடியிருந்தாள். ஒன்றில் அவள் தலை குனிந்திருந்தது. ஒன்று கலங்கிவிட்டது. நான்காவது மட்டும் எல்லோரும் நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, மிக நன்றாக வந்திருந்தது. அதை எப்படி அழிப்பது என்பது எனக்குத் தெரியும்; விரல் அந்தக் குறிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர்கள் அங்கே நின்று, “வந்துடுச்சா சார்? வந்துடுச்சா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வந்துவிட்டது” என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.